'கொஞ்சம் நடக்கலாம்' என்பது மலையில் எவ்வளவு?

காய்ச்சல் விட்டு வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி அனுப்பும்போது வைத்தியர் சொல்வது நாடு முழுவதும் ஒன்றுதான்: "பாரமான வேலை வேண்டாம். கொஞ்சம் கொஞ்சமாக நடக்கலாம்." யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இதற்கு விளக்கம் தேவைப்படாது. வாசலைத் தாண்டினால் சமதரை, எவ்வளவு தூரமும் போகலாம். ஹட்டனிலும் பசறையிலும் ராகலையிலும் கதை வேறு. லயத்துக் கதவை, அதாவது தோட்டத்து வரிசை வீட்டின் கதவை, திறந்தால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போய்ச் சேர்வதே, கணக்குப் பார்த்தால், வைத்தியர் வேண்டாமென்று சொன்ன அந்தப் பாரமான வேலைதான்.

நோயிலிருந்து தேறுகிறவர்கள் உடற்பயிற்சிக்குத் திரும்புவது பற்றிய வழிகாட்டல்கள் எல்லாமே சமதரையில் வாழ்கிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இத்தனை நிமிடம் நடக்க வேண்டும், இத்தனை கிலோமீற்றர் போக வேண்டும் என்று அவை பேசுகின்றன. மலையகத்தில் நிமிடமும் கிலோமீற்றரும் பெரிதாக எதையும் சொல்வதில்லை. இங்கே எண்ண வேண்டியது ஏறிய உயரம். இதைக் கணக்கில் எடுக்காமல் நல்ல நோக்கத்தோடு நடையைத் தொடங்கி, மூன்றாம் நாள் மறுபடியும் படுக்கையில் விழுகிறவர்களை ஊருக்கு ஊர் காணலாம். அவர்களுக்குக் கிடைக்கும் பட்டம் "சோம்பேறி", இல்லாவிட்டால் "பயந்தவன்".

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கும் உடல் செலவிடும் ஒட்சிசனை ஒரு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது அது எத்தனை மடங்காகிறது என்பதைக் கணிக்க விளையாட்டு மருத்துவத்தில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு சமன்பாடு இருக்கிறது. மணிக்கு 3 கிலோமீற்றர், அதாவது பேச்சுத்துணையோடு போகும் மெதுவான நடை. சமதரையில் அதற்கு ஏறக்குறைய இரண்டரை மடங்கு போதும். அதே வேகத்தில் பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் பாதையில் ஏறினால் ஐந்து மடங்கு. ஐந்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் பாதையில் ஏழரை மடங்கு. வேகம் மாறவில்லை, தூரம் மாறவில்லை. உடலுக்கு விழுந்த வேலை மட்டும் மூன்று மடங்காகிவிட்டது. சமதரையில் மெல்லோட்டம் ஓடுகிறவர் செலவிடுவதும் கிட்டத்தட்ட இவ்வளவுதான்.

இதை ஒரு ஆளின் மேல் பொருத்திப் பார்த்தால்தான் விபரீதம் விளங்கும். ஐம்பது வயதுப் பெண் ஒருவரின் உச்சத் திறன், மூச்சு முட்ட முட்ட எட்டக்கூடிய எல்லை, பொதுவாக எட்டு மடங்கை ஒட்டி இருக்கும். மலையேறிப் பழகியவருக்குச் சற்றுக் கூடலாம். நோயில் படுத்ததால் அதில் கால்வாசி போய்விட்டதென்றால் மிச்சம் ஆறு. குறுக்குப் பாதையோ ஏழரை கேட்கிறது. பாதி வழியில் அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பதற்கு மனத்தைரியத்தோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

மலைநாட்டு ரயில்பாதையை அமைத்தவர்கள் இயந்திரத்துக்குக் காட்டிய கருணையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1885இல் நானுஓயாவை எட்டி, 1924இல் பதுளையில் முடிந்த அந்தப் பாதையின் மிகக் கடுமையான ஏற்றமே 44 அடிக்கு ஓர் அடிதான். மலையை வளைந்து, குடைந்து, சுற்றிச் சுற்றி அந்தச் சரிவைக் காப்பாற்றினார்கள். மேலே சொன்ன கணக்கில் போட்டால் அந்தச் சரிவில் நடக்க மூன்று மடங்கு ஒட்சிசன் போதும். தேறுகிறவருக்கு ஏற்ற பாதை அதுதான். (தண்டவாளத்தில் நடக்கச் சொல்லவில்லை. சட்டப்படி குற்றம், வளைவுகளில் ரயில் வருவதும் தெரியாது.) கொழுந்து மலைக்கும் லயத்துக்கும் நடுவே ஆட்கள் ஏறியிறங்கித் தேய்த்த பாதைகளுக்கு எந்தப் பொறியியலாளரும் சரிவு பார்க்கவில்லை.

ஆனால் தோட்டத்து லொறிப் பாதைக்குப் பார்த்திருக்கிறார்கள். கொழுந்து ஏற்றிய லொறி ஏற வேண்டுமே. அதனால் தொழிற்சாலைப் பாதை மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போகும். தேறுகிற காலத்தில் குறுக்கு வழியை மறந்துவிட்டு லொறிப் பாதையில் சுற்றிப் போவது, தூரம் மூன்று மடங்கானாலும், இதயத்துக்கு மலிவான பேரம்.

படுக்கை உடலை என்ன செய்கிறது என்பதற்கு 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் செய்யப்பட்ட ஆய்வு இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. இருபது வயதுடைய ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்தார்கள். எழுந்தபோது அவர்கள் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கு மேல் விழுந்திருந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப் பிடித்துப் பரிசோதித்தபோது, வாலிபத்தில் கிடந்த அந்த மூன்று வாரம் செய்த சேதத்தை முப்பது வருட முதுமை செய்திருக்கவில்லை. ஆறுதலான செய்தியும் அதற்குள்ளேயே இருந்தது: ஐம்பது வயதில் ஆறு மாதம் படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், வயதால் இழந்ததை அவர்கள் மீட்டுக்கொண்டார்கள்.

அந்த இளைஞர்களுக்கு நோய் எதுவும் இல்லை, வெறும் படுக்கைதான். நம் கதையில் காய்ச்சலும் சேர்கிறது. படுத்த சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி குறையத் தொடங்கும். நிரப்ப இரத்தம் குறைந்ததும் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகவே தள்ளுகிறது, அந்தக் குறையைத் துடிப்பைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்கிறது. எழுந்து நின்றதும் கண் இருட்டுவதன் முதற்காரணம் இதுதான். அடுத்து தசை கரைகிறது. கையைவிடக் காலில் முதலில் கரைகிறது, குறிப்பாகத் தொடையிலும் கெண்டைக்காலிலும். படி ஏறவென்றே இருக்கும் தசைகள் அவை. வயதானவர்களுக்கு இந்த இழப்பு வேகமாக நடக்கும், திரும்பி வருவது மெதுவாக நடக்கும்.

உயரமும் தன் பங்குக்கு வட்டி வாங்குகிறது. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. அங்கேயே பிறந்து வளர்ந்தவரின் உடல் அதற்குப் பழகிவிட்டது, ஆரோக்கியமாக இருக்கும்வரை வித்தியாசம் தெரியாது. சிக்கல் கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குத்தான். அங்கே டெங்கு பிடித்து, கொஞ்சம் தேறியதும் "வீட்டில் போய் ஓய்வெடு" என்று முதலாளி அனுப்ப, ரயிலேறி ஹட்டனிலோ நானுஓயாவிலோ வந்து இறங்குகிறார்கள். சில மாதங்கள் கடற்கரை மட்டத்தில் வாழ்ந்த உடல் மலைப் பழக்கத்தை விட்டிருக்கும், இரத்தமும் குறைந்திருக்கும். இறங்கியதும் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு ஏறுவார்கள். ஓய்வெடுக்க வந்தவரின் முதல் மணித்தியாலமே அந்த மாதத்தின் மிகக் கடுமையான உடற்பயிற்சியாகிவிடுகிறது. அன்றைக்கு ஒரு ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு மருந்துக்குக் கொடுக்கும் காசைப் போன்றது.

கொவிட் காலத்தில் பல வீடுகளுக்கு வந்துசேர்ந்த, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சின்னக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயரமான ஊர்களில் நல்ல சுகத்தோடு இருப்பவருக்கும் அது கொழும்பில் காட்டுவதைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டலாம். தை, மாசியில் பனி கொட்டும் காலையில் விரல் விறைத்திருந்தால் பிழையாகவே காட்டும். கையைச் சூடாக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு தடவை காட்டும் எண்ணைவிட, உட்கார்ந்திருக்கும்போது காட்டியதற்கும் கொஞ்சம் நடந்த பின் காட்டியதற்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். நடந்ததும் எண் சட்டென்று இறங்கினால் வைத்தியரிடம் போக வேண்டும்.

அடுத்தது திசை. இதைப் பற்றி எந்த வழிகாட்டலிலும் நான் ஒரு வரி கண்டதில்லை. சமவெளியில் நடைக்குப் போகிறவர் களைத்த இடத்திலிருந்து திரும்பிவிடலாம், திரும்பும் வழியும் போன வழி போலவே இருக்கும். லயம் மேலேயும் பாதை கீழேயும் இருக்கும் தோட்டத்தில் நடை இறக்கத்தில் தொடங்குகிறது. இறங்கும்போது மூச்சு வாங்காது, உற்சாகமாக இருக்கும், கடைவரை போய் நாலு பேரோடு பேசி நிற்கலாம். கணக்குத் தீர்ப்பது திரும்பும்போது. களைத்த பிறகுதான் ஏற்றம் வருகிறது. போதாததற்கு, இறங்குவது சுலபம் என்பதும் மூச்சுக்கு மட்டும்தான் உண்மை. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. தசைநார்களை அதிகம் நோகடிப்பது இந்த வகை வேலைதான். அந்த நோவு உடனே தெரியாது, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும். "நேற்று நன்றாகத்தானே இருந்தேன்" என்று நொண்டுகிறவர்களிடம் நேற்று எவ்வளவு இறங்கினார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

ஆகவே இயன்றவரை முதலில் ஏறி, பிறகு இறங்க வேண்டும். வீட்டுக்கு மேலே கோயிலோ கொழுந்து நிறுக்கும் மடுவமோ இருந்தால் அந்தப் பக்கம் நடக்கலாம். களைத்தால் திரும்பி வருவது கீழ்நோக்கி. வீடு உச்சியில் இருந்தால் வேறு வழியில்லை. வாசலிலேயே, லயத்து நீளத்துக்கு, அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை நடப்பதோடு முதல் சில நாட்களை முடித்துக்கொள்ள வேண்டும். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நகரத்தில் இருப்பவர்களுக்கு நுவரெலியாவின் கிரகரி வாவிக் கரையும் கண்டி வாவியைச் சுற்றிய நடைபாதையும் இருக்கின்றன. மலையகத்தில் சமதரை என்பது அநேகமாகத் தண்ணீரின் ஓரம்தான்.

நோர்வுட் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குத் தெரிந்த ஓர் அக்கா இருக்கிறார். நிமோனியாவில் படுத்து எழுந்தவர், கொழுந்து பறிக்கிறவர். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் அவருடைய லயத்துக்கும் நடுவே கருங்கல் படிகள். தேறிய காலத்தில் அந்தப் படிகளில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. பிள்ளைகள் விளையாட்டுக்குக் கிறுக்கியது என்றுதான் நினைத்தேன். "நான்தான் போட்டேன் தம்பி, வெற்றிலைக்கு வைத்திருக்கும் சுண்ணாம்பு" என்றார். மூச்சு வாங்கிப் பேச்சு நிற்கும் படியில் ஒரு கோடு. அதற்கு இரண்டு படி முன்னாலேயே அடுத்த சில நாட்களும் நின்றுவிடுவார். சிரமமில்லாமல் அங்கே பேச முடிந்தபின் கோடு மேலே ஏறும். மழை அழித்தால் மறுபடி போடுவார். அவர் எந்தப் பயிற்சி நிலையத்துக்கும் போனதில்லை, ஆனால் இதயநோய்க்குப் பிந்திய மறுவாழ்வுப் பயிற்சிகளில் செய்வதும் சாரத்தில் இதுவே: எல்லையைக் கண்டுபிடி, அதற்குக் கீழே நில், சில நாள் பொறு, பிறகு நகர்த்து.

அவர் கையாண்ட பேச்சுச் சோதனைக்கு மருத்துவத்திலும் மரியாதை உண்டு. ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா? முடிந்தால் உழைப்பு இன்னும் அளவோடு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் எல்லை தாண்டியாயிற்று. சுவீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோலும் இதே இனம்தான். 6 முதல் 20 வரை, எவ்வளவு சிரமமாக உணர்கிறோம் என்று நாமே எண் கொடுப்பது. 6 என்றால் சிரமமே இல்லை, 11 இலேசு, 20 இதற்கு மேல் முடியாது. ஆரோக்கியமான வாலிபரில் அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடித்துடிப்பு கிட்டத்தட்ட வரும்.

நாடியை மட்டும் நம்புவதில் ஆபத்து இருக்கிறது. பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகள் நாடியைக் கூட விடாமல் பிடித்து வைக்கும். எவ்வளவு திணறினாலும் எண் சாதுவாகவே காட்டும். டெங்கு தேறும் நாட்களில் நாடி வழமையைவிடக் குறைந்து அடிப்பதும் உண்டு. மறுபக்கம் இரத்தச்சோகை இருந்தால் நாடி எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும். கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தச்சோகை அரிதான விடயமில்லை. நாடி வேறு விதத்தில் உதவும்: காலையில் எழுந்ததும், படுக்கையை விடுமுன், ஒரு நிமிடம் எண்ணுங்கள். வழமையைவிடப் பத்துத் துடிப்புக் கூடியிருந்தால், ஒன்றில் நேற்றைய உழைப்பு அதிகம், அல்லது காய்ச்சல் திரும்புகிறது. உடல் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் ஏறினாலே நாடி பத்தளவில் கூடும். அன்றைக்கு ஏற்றம் வேண்டாம்.

எல்லா நோய்க்கும் ஒரே காலக்கெடு கிடையாது. மூக்கொழுகலும் தொண்டைக் கரகரப்பும் மட்டுமென்றால் இலேசாக நடப்பதில் தவறில்லை. காய்ச்சல், உடம்பு நோவு, நெஞ்சுச் சளி, வயிற்றோட்டம் என்று கழுத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் முழு ஓய்வு. இது விளையாட்டு வீரர்களுக்குச் சொல்லப்படும் பழைய கழுத்து விதி, நல்ல விதி. எலிக்காய்ச்சல் சிறுநீரகத்தையும் சிலசமயம் இதயத்தையும் தொடும், கெண்டைக்காலை நோகடிக்கும். இரத்த, சிறுநீர்ப் பரிசோதனைகள் சரியாகும்வரை மலை ஏறுவதைப் பற்றிப் பேச வேண்டாம். அம்மை கண்டவருக்கு வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் நோய் முடிந்ததாக வீடு எடுத்துக்கொள்கிறது. தோலைப் பொறுத்தவரை அது சரி. வளர்ந்தவர்களுக்கு அம்மை நுரையீரலையும் தாக்கலாம் என்பதால், தண்ணீர் ஊற்றிய மறுநாளே கூடையைத் தூக்குவது துணிச்சல்.

டெங்குவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். ஒரு காலத்தில் கொழும்பின் நோயாக இருந்த அது இன்று கண்டி மாவட்டத்துக்கும் பழக்கமானது. டெங்குவின் வஞ்சகம் காய்ச்சல் விடும் நேரத்தில்தான். காய்ச்சல் இறங்கியதும் சுகமாகிவிட்டது என்று எழுந்து நடமாடும் அதே ஓரிரு நாட்களில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து நிலைமை மோசமாகக்கூடும். அந்தக் கட்டம் தாண்டி வீட்டுக்கு வந்த பிறகும் களைப்பு வாரக்கணக்கில் தங்கும். இரத்தத் தட்டுகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வரும்வரை காற்பந்தும், விழுந்து அடிபடக்கூடிய வழுக்கல் படிகளும் ஆகாது. உடம்பு நோவுக்கென்று இபுபுரோபன், அஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடுவது இரத்தப்போக்குக்கு வழிவிடும். பரசிற்றமோலோடு நிற்க வேண்டும்.

கொவிட் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இன்னொன்று. சிலருக்கு உழைப்பின் விலை அன்றைக்கே தெரிவதில்லை. நன்றாக நடந்துவிட்டு வருவார்கள். ஒரு நாள், சிலசமயம் இரண்டு மூன்று நாள் கழித்து, அடித்துப் போட்டதுபோல் விழுவார்கள். தலைப்பாரம், தூக்கக் குழப்பம், எழும்பவே முடியாத களைப்பு. கொவிட்டுக்கு மட்டும் உரியதில்லை, வேறு வைரஸ் காய்ச்சல்களுக்குப் பின்னும் வரும். இப்படிப்பட்டவரிடம் "தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போ, சரியாகிவிடும்" என்பது அவரைக் குழியில் தள்ளுவது. தொடர்களைப்பு நோய்க்குப் பயிற்சியைக் கட்டாயமாகக் கூட்டிக்கொண்டு போகும் சிகிச்சையை பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பு 2021இல் கைவிட்டதற்குக் காரணமும் இதுதான். பலம் வரும் நாளில்கூட அளவுக்குள் நிற்பதே அவர்களுக்கான பயிற்சி. அந்த நாளில் விறகு உடைத்து, துணி துவைத்து, விட்ட வேலையையெல்லாம் முடிக்கத் தோன்றும். முடித்தால் மறுவாரம் போய்விடும்.

அதே 2021இல் பிரித்தானிய மருத்துவ இதழ் கொவிட்டுக்குப் பின் உடற்பயிற்சிக்குத் திரும்புவோருக்கான படிநிலை ஆலோசனை ஒன்றை வெளியிட்டது. அறிகுறிகள் நின்று ஏழு நாளாவது ஆகியிருக்க வேண்டும். பிறகு குறைந்தது இரண்டு வாரம் மிகக் குறைந்த உழைப்பு. ஒவ்வொரு படிநிலையிலும் ஒரு வாரமாவது நின்று பார்த்துத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும். பொறுமையான, நியாயமான ஆலோசனை. ஆனால் தொடக்க நிலைகளுக்கு அது உதாரணம் காட்டுவது மெதுவான நடையும் இலேசான வீட்டு, தோட்ட வேலைகளும். அவர்கள் சொல்லும் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் நாலு பூச்செடி இருக்கும் இடம். நம் தோட்டம் எது என்று நமக்குத் தெரியும்.

மலைக்கு ஏற்றபடி அதை மாற்றிக்கொள்ள முடியும். சரிவை மாற்ற நமக்கு அதிகாரமில்லை, வேகம் நம் கையில் இருக்கிறது. முதலில் பார்த்த அதே ஐந்துக்கு ஒன்று ஏற்றத்தில் வேகத்தைப் பாதியாக்கினால் ஏழரை மடங்கு நாலேகாலாக இறங்குகிறது. அந்த வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு ஏறும் உயரம் ஐந்து மீற்றர். தோட்டத்துப் படி ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் என்று வைத்தால் நிமிடத்துக்கு 25 படி. தேறுகிறவர் தொடக்கத்தில் அதிலும் பாதியோடு நிற்பது நல்லது: ஒரு படி, இரண்டு கால்களும் அதே படியில், ஒரு முழு மூச்சு, பிறகு அடுத்த படி. உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக விட்டால் நெஞ்சு இலேசாகும். படியில்லாத சரிவில் நேராக ஏறாமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கோணலாக ஏற வேண்டும். தோட்டத்து முதியவர்கள் எப்போதும் அப்படித்தான் ஏறுகிறார்கள், வயது கற்றுக்கொடுத்த பொறியியல் அது. கையில் தடி இருக்கலாம், பை இருக்கக்கூடாது. சாப்பிட்ட உடனேயும், விறகடுப்புப் புகை மண்டிய நேரத்திலும், மூடுபனி கலையாத குளிரிலும் வேண்டாம். குளிர்ந்த காற்று, நோய்ப்பட்ட மூச்சுக்குழாயைச் சுருக்கி இருமலைக் கிளப்பும். வெயில் ஏறிய பத்து மணி நல்ல நேரம்.

இவ்வளவும் சொன்ன பிறகு கேட்கப்படும் கேள்வி எனக்குத் தெரியும்: "இதற்கெல்லாம் நேரம் யார் கொடுப்பது?" நாட்சம்பளக்காரருக்கு வேலைக்குப் போகாத நாளில் பேர், அதாவது அன்றைய கூலிக்கான பதிவு, விழாது. போய், குறித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர். பல தோட்டங்களில் கேட்கும் அளவு 18, 20 கிலோ. அதை இரண்டு மூன்று நிறுவையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். மழை நாளென்றால் கொழுந்தின் ஈரமும் முதுகில். உடற்பயிற்சி பற்றிய எந்த அட்டவணையிலும் இந்த வேலையை இலேசானது, நடுத்தரமானது என்று போட முடியாது: செங்குத்தான மலை, முதுகில் பாரம், எட்டு மணித்தியாலம். ஆகவே நோயிலிருந்து எழுந்த தொழிலாளிக்கு "உடற்பயிற்சிக்குத் திரும்புவது" என்றால் காலை நடையைப் பற்றிய பேச்சாக இருக்க முடியாது, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகும் நாளைப் பற்றியதாகத்தான் இருக்கும். வைத்தியரிடம் "வேலைக்குப் போகலாமா" என்று மட்டும் கேட்டால் "போகலாம்" என்பார், அவர் மனதில் இருப்பது ஏதோ ஒரு வேலை. எத்தனை கிலோ, எந்த மலை, எவ்வளவு ஏற்றம் என்று சொல்லிக் கேட்க வேண்டும். இலேசான வேலை கொடுக்கும்படி துண்டில் எழுதித் தரச் சொல்லலாம். நாற்று மேடை, மடுவம், தொழிற்சாலைக்குள் உட்கார்ந்து செய்யும் வேலை என்று பாரமில்லாதவை எல்லாத் தோட்டத்திலும் கொஞ்சம் இருக்கின்றன. கொடுப்பார்களா என்பது துரையையும் தலைவரையும் பொறுத்தது. கேட்காதவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

பெண்களுக்கு இன்னொரு வேலைத்தளமும் உண்டு. வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றைக்கே அடுப்பங்கரைக்குள் போகிறவர்கள் அவர்கள். பீலியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் பத்துப் பன்னிரண்டு கிலோ, விறகுக் கட்டு அதைவிடக் கூட. புருஷன் காய்ச்சலில் கிடந்து எழும்பினால் இரண்டு வாரம் வாசலில் உட்கார வைக்கும் வீடு, மனைவி எழும்பினால் மறுநாள் குடத்தைக் கொடுக்கிறது. மருத்துவ ரீதியில் இதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

சாப்பாட்டைச் சுருக்கமாக முடிக்கிறேன். வாரக்கணக்கில் கஞ்சியும் ரசமும் மட்டும் கொடுக்கும் பத்தியத்தில் கரைந்த தசை திரும்பாது. முட்டை, பருப்பு, கடலை, நெத்தலி, கீரை வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்துத் தேநீர் குடிப்பது உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம். தேயிலை மலையில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

பாடசாலைப் பிள்ளைகள் விடயத்தில் ஆசிரியர்களும் கேட்க வேண்டும். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி வரும். அதற்கு முன் மரதன் ஓட்டம், அதுவும் மலைப் பாதையில். போன கிழமை காய்ச்சலில் கிடந்த பிள்ளை இல்லத்துக்குப் புள்ளி வேண்டுமென்று ஓடும். வைரஸ் காய்ச்சல்கள் அரிதாக இதயத் தசையையும் அழற்சிப்படுத்தும். அந்த நிலையில் கடுமையாக ஓடுவது இதயத்துடிப்பைத் தாறுமாறாக்கி உயிருக்கே உலை வைக்கலாம். அப்படி அழற்சி கண்டவர்களை மூன்று முதல் ஆறு மாதம்வரை கடும் பயிற்சியிலிருந்து விலக்கி வைப்பதே வழமையான மருத்துவ நடைமுறை. காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு நோவு, படபடப்பு, ஓடும்போது மயக்கம், முன்பு இல்லாத மூச்சுத்திணறல், காலில் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் பிள்ளையானாலும் பெரியவரானாலும் ஈசிஜி எடுக்காமல் மைதானத்துக்கோ மலைக்கோ போகக்கூடாது. ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சு நோவோ மயக்கமோ வந்தால் 1990ஐ அழைக்க வேண்டும். அம்புலன்ஸ் லயம்வரை ஏறாது என்றால் பாதைவரை ஆளைத் தூக்கிக்கொண்டு வர வேண்டும், நடத்திக்கொண்டு வரக்கூடாது.

கடைசியாக நேர்த்திக்கடன். "சுகமானால் சிவனொளிபாதமலைக்கு வருகிறேன்" என்று நோய்ப்படுக்கையில் வேண்டிக்கொள்ளாத குடும்பம் ஹட்டன், மஸ்கெலியா பக்கத்தில் குறைவு. சுகமானதும் கடனைத் தீர்க்க அவசரப்படுவார்கள். மலையின் உச்சி 2,243 மீற்றர். நல்லதண்ணியிலிருந்து ஏறினால் ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரம், ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். 60 கிலோ உடலை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டும் தசைகள் 550 கலோரிக்கு மேல் எரிக்க வேண்டும். ஏறுவது பெரும்பாலும் நடுச்சாமத்தில், தூக்கம் கெட்டு, உச்சியில் எலும்பைத் துளைக்கும் குளிர். விடிந்ததும் அத்தனை படியும் இறக்கம். சற்று முன் சொன்ன, நிமிடத்துக்கு ஐந்து மீற்றர் என்ற வேகத்தில், ஓரிடத்திலும் நிற்காமல் ஏறினாலே மூன்றேகால் மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். வீட்டுப் படிகளில் இருபது நிமிடம் அந்த வேகத்தில் பேசிக்கொண்டே ஏறி, மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் சோர்வில்லாமல் எழ முடியாதவர் அந்த மலையடிவாரத்துக்குப் போவதில் பொருளில்லை. பருவம் டிசம்பர் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவரை நீள்கிறது. மார்கழியில் காய்ச்சலில் கிடந்தவர் சித்திரையில் போகலாம், அதுவும் முடியாவிட்டால் அடுத்த பருவம் இருக்கிறது. வேண்டுதலுக்குத் திகதி வைத்தவர் நாம்தான்.